ஊர்மன்றும் முகநூற் பக்கமும்

ஊரவர் கூடிப் பேசும் இடத்துக்குத் தமிழிலே மன்றம், பொதியில், அம்பலம் எனப் பல பெயர்கள் உள. பெயர் பலவாயினும் அவ்விடத்தின் இலக்கணம் ஒன்றே: அதற்குக் கதவில்லை. வீட்டுத் திண்ணையோ அத்தகையதன்று. அது தெருவை நோக்கியிருப்பினும் வீட்டுக்காரனுக்கே உரியது. வேண்டாதவனை எழுந்துபோகச் சொல்ல அவனுக்கு உரிமையுண்டு. இனி, திண்ணையிலே அமர்ந்து மன்றத்தின் அலுவலைப் பார்க்கும் ஒருவன், தன்னைக் குறைகூறியவனை எழுப்பி விட்டுவிட்டால், எழுப்பியவன் வீட்டுக்காரனா, ஊர்த்தலைவனா? இக்காலத்து உள்ளூராட்சி மன்றங்கள் முகநூல் முதலிய சமூக ஊடகங்களுக்கென வகுக்கும் விதிகளின் அடியிலே கிடக்கும் வினா இதுவே. அது ஐக்கிய அமெரிக்காவின் சிறு நகரொன்றிலே எழுந்து, அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்று, 2024 மார்ச் 15 ஆந் திகதி ஒரு விடையைப் பெற்றது. அவ்விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பதை அறிதற்கு, வினா எழுந்த ஊரை முதலில் அறிதல் வேண்டும்.

போட் கியூரன் என்னும் அந்நகர் மிச்சிகன் மாநிலத்தின் கிழக்கெல்லையில், கியூரன் பேரேரி ஒடுங்கிச் சென். கிளயர் ஆறாக வெளிப்படும் முகத்தில் அமைந்தது. ஆற்றின் அக்கரையில் கனடா நாட்டுச் சானியா நகர் உள்ளது. 1891 இல் ஆற்றின் அடியே புகையிரதச் சுரங்கமும், 1938 இல் ஆற்றின் மேலே நீலநீர்ப் பாலமும் அமைந்தன. 1997 இல் இரண்டாம் பாலம் எழுந்தது. 2020 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏறத்தாழ 29,000 பேர் அங்கு வாழ்கின்றனர். அமெரிக்க அளவில் இது சிற்றூரிலும் சற்றே பெரியது. இத்தகைய ஊரிலே அலுவலரும் குடிமக்களும் ஒரே கடையில் சாமான் வாங்குவர். ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புவர். ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைப்பர். இவ்வணுக்கத்தை நினைவிற் கொள்ளாமல் அவ்வூரின் வழக்கை விளங்கிக்கொள்ள இயலாது.

இந்நகரின் வரலாற்றிலே இரு நிகழ்ச்சிகள் பெயர்பெற்றவை. தொமஸ் அல்வா எடிசனின் குடும்பம் 1854 இல் இங்கு வந்து குடியேறிற்று. 1859 தொட்டுச் சிறுவன் எடிசன் போட் கியூரனுக்கும் டிற்றோயிற்றுக்கும் இடையே ஓடிய புகையிரதத்திலே பத்திரிகையும் இனிப்பும் விற்றான். 1862 இல், உள்நாட்டுப் போரின் சைலோச் சமர்ச் செய்தியைத் தந்திமூலம் முன்கூட்டியே நிலையங்களுக்கு அறிவிக்கச் செய்து, ஒவ்வொரு நிலையத்திலும் காத்துநின்ற கூட்டத்துக்கு விலையை ஏற்றி ஏற்றிப் பத்திரிகை விற்றமை யாவரும் அறிந்த கதை. அவ்வாண்டிலேயே புகையிரதப் பெட்டியொன்றினுள் சிறு அச்சுப்பொறி வைத்து, ஊர்ச்செய்தித் தாளொன்றைத் தானே எழுதி அச்சிட்டும் விற்றான். சரியாக நூறாண்டு கழித்து, 1962 யூனில், நகருக்கு வடக்கே ஏரிக்கரையிலிருந்த தொழிற்சங்க முகாமொன்றிலே ஏறத்தாழ 60 இளைஞர் கூடினர். சனநாயக சமூகத்துக்கான மாணவர் என்னும் இயக்கத்தினராகிய அவர்கள், தொம் கெய்டன் முதன்மையாக வரைந்த அறிக்கையொன்றை விவாதித்து ஏற்றனர். போட் கியூரன் அறிக்கை என வழங்கும் அதன் உயிர்நாடி பங்கேற்புச் சனநாயகம் என்னும் கருத்து. தம் வாழ்வைத் தீர்மானிக்கும் முடிபுகளிலே மக்கள் தாமே பங்குகொள்ளல் வேண்டும் என்பது அதன் பொருள்.

ஊர்ப்பெருமை பேசுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே கூறுவர். சேர்த்து நோக்குவார் அரியர். ஒன்று செய்தி முந்திக் கிடைக்கவேண்டுமென்ற வேட்கையைக் காட்டுகிறது. மற்றையது கிடைத்த செய்தியைப்பற்றி மறுமொழி கூறும் உரிமையை வற்புறுத்துகிறது. முகநூற் பக்கம் இவ்விரண்டையும் ஒரே தாளில் அடக்கிவிட்டது. மேலே செய்தி, கீழே மறுமொழி. செய்தியை இடுபவர் கையிலேயே மறுமொழியை அழிக்கும் கருவியும் இருப்பதுதான் புதுமை. எடிசனிடம் பத்திரிகை வாங்கியவனைத் திட்டாதே என்று வாயடைக்க எடிசனால் முடிந்திராது.

நகரின் ஆட்சியமைப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. சபையினரை மக்கள் தெரிவுசெய்வர். அன்றாட நிருவாகத்தை நடத்துபவரோ சபையால் நியமிக்கப்படும் நகர முகாமையாளர். இலங்கை வாசகர் மாநகர ஆணையாளரை ஓரளவு ஒப்பாகக் கொள்ளலாம். அவர் வாக்குக் கேட்டு வருவதில்லை. ஆதலின் வாக்கினால் அவரை நீக்கவும் குடிமகனுக்கு வழியில்லை. அவரைக் குறித்துக் குடிமகனிடம் நேரே உள்ள கருவி பேச்சு ஒன்றே. சபைக்குச் சென்று பேசலாம். அல்லது அவரிடமே பேசலாம்.

2014 இல் ஜேம்ஸ் பிரீட் என்பவர் அப்பதவிக்கு வந்தார். அவருடைய முகநூற் கணக்குப் பதவிக்கு முந்தியது. கல்லூரி மாணவராயிருந்தபோது, 2008 க்கு முன்னரே தொடங்கப்பெற்றது. முகநூல் ஒருவருக்கு 5,000 நண்பர் என எல்லை வகுத்திருந்தது. அவ்வெல்லை நெருங்கியதும், எவரும் காணவும் கருத்துரைக்கவும் கூடிய பொதுப் பக்கமாக அவர் அதனை மாற்றிக்கொண்டார். நகர முகாமையாளரானதும் நகரின் சின்ன ஊசி அணிந்த படம் அங்கே ஏறிற்று. தம்மைத் தந்தையென்றும் கணவனென்றும் நகர முகாமையாளரென்றும் ஒரே வாக்கியத்தில் அறிமுகஞ் செய்தார். நகரின் இணையத்தள முகவரியையும் பொது மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தார். பக்கத்திலே பெரும்பாலும் இடம்பெற்றவை வீட்டுச் செய்திகள்: மகளின் படங்கள், விவிலிய வாசகங்கள், வீடு திருத்தும் வேலைகள், வளர்ப்பு நாய். அவற்றினிடையே உதிர்ந்த இலைகளை அள்ளும் ஒழுங்கு, ஆற்றுநீரை உள்ளெடுக்கும் திட்டம், படகிறங்கு துறையின் புனரமைப்பு, தீயணைப்புத் தலைவரின் அறிக்கை, நிதிப் பகுதியின் ஆண்டறிக்கை என்பனவும் வந்தன. வீடமைப்பைப்பற்றிய நகரின் கருத்துக்கணிப்பை நிரப்புமாறு மக்களை வேண்டியதும் உண்டு. கேள்வி கேட்டோர்க்கு மறுமொழியும் எழுதினார். இழிவானவை அல்லது மதியீனமானவை எனத் தமக்குத் தோன்றிய கருத்துரைகளை இடையிடையே அழித்தார்.

2020 இல் கொவிட் பெருநோய் வந்தது. நகரவாசி ஒருவர் அப்பக்கத்திலே நகரின் நடவடிக்கை மிகத் தாழ்ந்ததென எழுதினார். முகாமையாளரும் நகரபிதாவும் ஊர் உணவகமொன்றிலே உணவுப்பொதி வாங்கும் படம் இடப்பட்டபோது, மக்கள் துன்புறுகையில் தலைவர்கள் விலைமிக்க உணவு உண்கின்றனர், மக்களிடம் சென்று பேசவில்லை எனக் கடிந்தெழுதினார். கருத்துரைகள் அழிக்கப்பட்டன. ஈற்றில் அவர் எதையும் எழுத முடியாதவாறு பக்கத்திலிருந்து தடுக்கப்பட்டார். பேச்சுரிமை மீறப்பட்டதென அவர் தொடுத்த வழக்கே லிண்ட்கே எதிர் பிரீட் என்பது.

கீழ்நீதிமன்றமும் ஆறாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் முகாமையாளரின் பக்கமே நின்றன. பக்கத்தை நடத்துவது அவர் பதவியின் கடமையன்று. ஆதலின் அது திண்ணை என்பது அவற்றின் கருத்து. அதே 2022 ஆம் ஆண்டில், கலிபோனியாவின் பௌவே பாடசாலை மாவட்டச் சபையினர் இருவர் பெற்றோர் இருவரைத் தடுத்த வழக்கிலே ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் வேறு வழியிற் சென்றது. பக்கத்தின் தோற்றத்தையும் உள்ளடக்கத்தையும் நோக்கி, அது மன்றம் எனக் கொண்டது. இம்முரண்பாட்டைத் தீர்க்கவே உயர்நீதிமன்றம் வழக்கை ஏற்றது. நீதியரசர் எமி கொனி பரெற் எழுதிய தீர்ப்பிலே ஒன்பதின்மரும் ஒன்றுபட்டனர். அலுவலரின் பதிவு அரசின் செயலாவதற்கு இரண்டு வேண்டும் என்றனர்: அரசின் சார்பிற் பேசும் அதிகாரம் அவருக்கு மெய்யாகவே இருத்தல் வேண்டும்; பதிவிட்டபோது அவ்வதிகாரத்தைச் செலுத்துவதாக அவர் காட்டிக்கொண்டிருத்தல் வேண்டும்.

தீர்ப்பின் நற்பகுதியை முதலிற் கூறுதல் முறை. அலுவலரும் குடிமக்களே, பதவியேற்ற அன்றே அவர்தம் வாய்க்கு அரசு முத்திரை குத்திவிடுதல் தகாது. பாடசாலைச் சபைத் தலைவி சபைக் கூட்டத்தில் ஒன்றை அறிவித்தலுக்கும், மறுநாள் மாலை வீட்டு முற்றத்திலே நண்பருடன் உண்ணுகையில் அதனையே கூறுதலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. சிற்றூர்க்கு இவ்வுவமை மிகவும் ஏற்றது. சந்தையிலும் ஆலயத்திலும் சந்திக்கும் அயலவனாகவும் அலுவலன் இருக்கிறான். அவ்வயலவனை அழித்துவிட்டு அலுவலனை மாத்திரம் எஞ்சவிடும் சட்டம் அங்கே நில்லாது. வெறுந்தோற்றத்தை அளவுகோலாக்காமையும் அறிவுடைய செயல். சின்ன ஊசி அணிந்த படமெல்லாம் அரசாணையானால், எந்த அலுவலரும் ஊசியைக் கழற்றிவைத்துவிட்டுத் தம் விருப்பம்போல் நடப்பர்.

ஆயினும் இவ்வளவுகோலிலே ஒரு குறை உண்டு. அது அலுவலரின் பக்கம் நின்று அளக்கிறது. படிப்பவரின் பக்கம் நின்று அளக்கவில்லை. அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டம், உபவிதி, ஒழுங்குவிதி, வழமை ஆகியவற்றிலே தேடுக என்கிறது தீர்ப்பு. இலை அள்ளும் நாளை அறியப் பக்கத்தைத் திறக்கும் குடிமகன் நகரின் உபவிதித் தொகுதியையும் உடன்திறந்து வைத்துக்கொண்டா படிப்பான்? அவன் கண்ணுக்குப் புலப்படுவது பக்கம் ஒன்றே. அவன் பேச்சுரிமையோ கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஏட்டிலே தங்கியிருக்கிறது.

அன்றியும், ஏட்டிலே எதுவும் எழுதாத நகருக்கே இத்தீர்ப்பு வசதியாகிறது. முகாமையாளர் சமூக ஊடகத்திலே நகருக்காகப் பேசலாமென விதி எழுதிய சபை தன்னைக் கட்டிக்கொள்கிறது. எழுதாதிருந்த சபை ஓரளவு கட்டற்றிருக்கிறது. எழுதப்படாத அதிகாரம் வழமையாலும் பிறக்கலாமெனத் தீர்ப்பு ஏற்பது உண்மை. ஆயின் முன்னைய முகாமையாளர்கள் நகருக்காகப் பேசிவந்து, அது நெடுங்காலம் நிலைபெற்றிருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. முகநூல் பிறந்ததே 2004 இல். பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2006 இல். பத்திரிகையாளர் முன்னும் கூட்டங்களிலும் பேசும் வழமை பழையதாகலாம். இவ்வூடகத்திலே பேசும் வழமை முதிர இன்னும் எத்தனை முகாமையாளர் வந்துபோதல் வேண்டுமோ! நேற்று முளைத்த ஊடகத்துக்கு மூதாதையரின் வழமையைச் சான்றாகக் கேட்பது, கன்றுக்குப் பல் எண்ணி வயது சொல்லும் வேலையாகிறது.

இக்குறையைத் தெளிவாக்க மிச்சிகன் மாநிலத்துச் சட்டமொன்றே போதும். 1976 இல் இயற்றப்பட்ட திறந்த கூட்டங்கள் சட்டத்தின்படி, பொதுச் சபைகள் தம் முடிபுகளை மக்கள் காணும் கூட்டத்திலேயே எடுத்தல் வேண்டும். சபை வகுத்த விதிகளுக்கமைய எவரும் எழுந்து பேசலாம். ஒருவரைக் கூட்டத்தினின்றும் வெளியேற்றுதற்கு ஒரே காரணமே ஏற்கப்படும்: அக்கூட்டத்திலேயே அவர் மெய்யாக அமைதியைக் குலைத்திருத்தல். சென்ற கூட்டத்தில் அவர் கூறியது கசந்தது என்பதற்காக இக்கூட்டத்தின் கதவை அடைக்க முடியாது. கசப்பான பேச்சு அமைதிக்குலைவும் ஆகாது. ஐம்பதாண்டுப் பழமையுடைய இச்சட்டம் முகநூலைக் கனவிலுங் கண்டதன்று. ஆயினும் மன்றத்தின் இலக்கணத்தை அதனினும் தெளிவாக உரைத்த சமூக ஊடக விதி அரிது. முகநூலில் ஒருவரைத் தடுத்தல் என்பதோ கடந்த கருத்துக்காக வருங்காலக் கூட்டங்கள் யாவற்றினின்றும் விலக்குவதாகும். மண்டபத்திலே செய்யவொண்ணாததை விரலின் ஓர் அசைவு செய்துவிடுகிறது.

2020 மார்ச்சிலே மண்டபத்தின் நிலை யாது? பெருநோய் காரணமாக மிச்சிகன் ஆளுநரின் கட்டளைகள் அடுத்தடுத்து வந்தன. உணவகங்களின் உள்ளே அமர்ந்து உண்ணுதல் நின்றது. பொதிகட்டிக் கொண்டுசெல்லவே இடமிருந்தது. சபைக் கூட்டங்களை மின்வழித் தொடர்பால் நடத்தவும் இசைவு வழங்கப்பட்டது. அவ்வின்மையின் நடுவிலே, முகாமையாளரிடம் நேரே ஒரு சொல் கூற விரும்பியவனுக்குப் பக்கமே மண்டபமாயிற்று. நீதிமன்றம் அதிகாரத்தின் ஊற்றைத் தேடியதேயன்றி, ஊரிலே வேறு மன்றம் திறந்திருந்ததா என்று தேடவில்லை. அத்தேட்டத்தையும் அளவுகோலிற் சேர்த்திருப்பின், சிற்றூர்க்கு அது பெரிதும் பயன்பட்டிருக்கும்.

இனி, நகரசபைகள் தாமே எழுதும் விதிகளை நோக்குவோர்க்கு அவற்றின் ஒருமைப்பாடு வியப்பளிக்கும். ஒரு நகரின் விதியை இன்னொரு நகர் பெயர்மாற்றி எடுத்துக்கொண்டதோ என ஐயுறத்தக்க வகையிலே அவை அமைகின்றன. ஆபாசம், அச்சுறுத்தல், வணிக விளம்பரம், புண்படுத்தும் பேச்சு, பொருளுக்குப் புறம்பான பேச்சு ஆகியன நீக்கப்படும் என்பது வழக்கமான பட்டியல். முதல் மூன்றிலே பெரும்பாலும் வழக்கில்லை. இடர் விளைப்பவை ஏனைய இரண்டுமே. புண்படுத்தல் என்பது கேட்பவர் உள்ளத்தைச் சார்ந்தது. புண்படுத்துகிறது என்பதற்காகப் பேச்சைத் தள்ளுதல் ஒரு சார்பான கருத்தைத் தள்ளுதலே என 2017 இல் வர்த்தகப் பெயர் பற்றிய வழக்கொன்றில் உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. பொருளுக்குப் புறம்பு என்னும் விதி நடுநிலையானதுபோலத் தோன்றும். ஆயின் எது பொருள் என வரையறுப்பவர் பதிவிட்டவரே. 2024 யூலையில் தலைநகர் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை நன்கு வெளிப்படுத்திற்று. தேசிய சுகாதார நிறுவகம் தன் பக்கங்களிலே விலங்கு, பரிசோதனை, கொடுமை முதலிய சொற்கள் வரும் கருத்துரைகளைத் தானாகவே மறைக்கும் வடிகட்டியை வைத்திருந்தது. விலங்குப் பரிசோதனையைப்பற்றிய பதிவின் கீழும் விலங்கு என்னும் சொல் புறம்பானதாயிற்று! அவ்விதி நியாயமற்றது என நீதிமன்றம் தள்ளிற்று. நகைப்புக்கிடமான இவ்வடிகட்டியை ஒரு பெரிய நிறுவகமே வைத்திருந்ததெனின், ஒரேயொரு எழுதுவினைஞர் மாலைவேளையிலே பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறுநகரின் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

இவ்விதிகள் யாவும் குடிமகனின் நாவுக்கே எழுதப்பட்டுள்ளன. அலுவலரின் கைக்கு எழுதப்பட்டவை மிகக் குறைவு. எந்தப் பக்கம் நகருடையது, அதன் திறவுகோல் யாரிடம், பதவி விலகும் நாளிலே அது யாருக்குச் செல்லும், அழிக்கப்பட்ட கருத்துரையின் படி எங்கே வைக்கப்படும், அழிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பனவே முதலில் எழுதப்படவேண்டியவை. மிச்சிகனிலே 1976 ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் அலுவற் பதிவேடுகளைக் காணும் உரிமையை மக்களுக்கு அளிக்கிறது. அலுவலுக்காக வைக்கப்பட்ட பக்கத்திலே எழுதப்பட்ட குறைகூறலும் ஏட்டின் ஒரு தாளே. தாளைக் கிழித்தவர் கிழித்த காரணத்தைக் குறித்துவைத்தல் எந்த அலுவலகத்திலும் உள்ள ஒழுங்கு.

தீர்ப்பே இத்திசையிலே இரு குறிப்புகளைத் தருகிறது. எழுதுவோர் அவற்றைப் போதியவாறு கவனித்திலர். இது என் சொந்தப் பக்கம், இங்குள்ளவை என் கருத்துகளே என ஒரு வரி எழுதிவைத்தால், பதிவுகள் தனிப்பட்டவை என்னும் வலிய ஊகம் அலுவலர்க்குச் சார்பாக எழும். அவ்வூகமும் அசைக்கவொண்ணாததன்று. உபவிதியொன்றைச் சுட்டி, வாகனத் தரிப்பு ஒழுங்கை இன்றுமுதல் நிறுத்திவைக்கிறேன் என அங்கேயே அறிவிக்கும் நகரபிதா அந்த ஒரு வரியின் பின் ஒளிந்துகொள்ளல் இயலாது. நகரின் தளத்திலே முன்னரே வந்த அறிவித்தலைச் சுட்டிக்காட்டுவது மட்டுமாயின் அது வேறு. மற்றைய குறிப்பு அழித்தலுக்கும் தடுத்தலுக்கும் உள்ள வேறுபாடு. ஒரு கருத்துரையை அழித்தால் அந்த ஒரு பதிவையே நீதிமன்றம் ஆராயும். ஆளையே தடுத்தாலோ, அவர் கருத்துரைக்க விரும்பிய பதிவுகளில் எதுவேனும் அரசின் செயலா என ஆராய நேரும். வீட்டுச் செய்தியையும் நகரச் செய்தியையும் ஒரே பக்கத்திற் கலந்து வைப்பவர் தம் பொறுப்பைத் தாமே பெருக்கிக்கொள்கிறார். நாய்க்குட்டியின் படத்தின்கீழ் எழுதவிடாது தடுக்கப்பட்டவன், படகிறங்கு துறையின் செய்தியின்கீழும் எழுதவியலாதவனாகிறான். துறை நகருடையது.

உயர்நீதிமன்றம் ஆறாம் சுற்றின் தீர்ப்பை விலக்கி, வழக்கைப் புதிய அளவுகோலால் மீண்டும் ஆராயுமாறு திருப்பியனுப்பிற்று. பிரீட்டின் பக்கம் சொந்தம் என்றோ அலுவல் என்றோ பெயரிடப்படவில்லை. ஆதலின் அது கலப்புப் பக்கமாகலாம் எனக் கூறி அமைந்தது. அவ்வாறாயின் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இலை அள்ளும் ஒழுங்கும் மகளின் படமும் எளிதிற் பிரியும். உணவுப்பொதியோடு நகரபிதாவும் முகாமையாளரும் நிற்கும் படந்தான் தராசின் எத்தட்டிலும் அமையாது நிற்கிறது. அலுவலக நேரத்தைக் குறித்தோ, உபவிதியைச் சுட்டியோ அதில் ஒரு சொல்லும் இருந்திருக்க வேண்டுவதில்லை. நகரின் தலைமையிடத்திலுள்ள இருவர் முடங்கிய நகரொன்றின் உணவகத்திலே நிற்கின்றனர் என்பதைக் கண்டவுடன், நகரவாசி அதனை அலுவலாகவே படித்தார். தம் குறையையும் அங்கேயே எழுதினார்.